ஆள் உட்கார்ந்தால் ஓடும் மிஷின்

என் தொழிலில் குளிர் என்பது நாங்கள் உண்டாக்கித் தருகிற சரக்கு. அது எங்களுக்கு முன்பே வந்து இடம் பிடித்து உட்கார்ந்திருக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. சவுதியில் ஏசி மெக்கானிக்காக இருந்த வருஷங்கள் முழுக்க வெயிலோடுதான் சண்டை. மொட்டை மாடியில் நிற்கும் அவுட்டோர் யூனிட்டின் தகரத்தில் தெரியாமல் கை பட்டால் தோல் உரிந்து வரும். ஊருக்குத் திரும்பி போளூரில் சின்னதாகக் கடை போட்ட பிறகும் அதே கதைதான். எங்கள் பக்கத்து வெயிலும் லேசுப்பட்டதில்லை. மாசியில் அடிக்க ஆரம்பிக்கிற போன் ஆடி வரைக்கும் ஓயாது. கார்த்திகை பிறந்துவிட்டால் கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருப்பேன். அதனால் ஒரு மார்கழிக் காலையில் ஜவ்வாது மலையிலிருந்து ஒரு பெண் போன் செய்து, ஏசி நின்றுவிட்டது, உடனே வாருங்கள் என்றபோது, யாரோ விளையாடுகிறார்கள் என்று வைக்கப் போனேன்.

"அண்ணா, வெச்சிடாதீங்க. மிஷினு மேல ஐஸு புடிச்சிகினு நிக்குதுங்க. ரூம்ல காளான் இருக்குது."

"மலை மேல, மார்கழியில, எதுக்கும்மா ஏசி? கதவத் தொறந்து வுடு, தானா குளிரும்."

"கதவத் தொறந்தா ஈ பூந்துடும். கெட்ட பூஞ்சானமும் கூடவே வந்துடும். வந்து பாத்துட்டு திட்டுங்கண்ணா."

திட்டுவதற்காகவே கிளம்பினேன் என்றுகூடச் சொல்லலாம். எனக்குக் கொஞ்சம் வாய் நீளம். என் மனைவி டிபன் பாக்ஸோடு ஒரு மங்கி குல்லாவையும் பையில் திணித்து, "மேல போயி யாரையும் கடிக்காதீங்க" என்று சொல்லி அனுப்பினாள்.

ஜமுனாமரத்தூர் பஸ்ஸில் ஏறினால் எனக்குத் தூக்கம் வந்துவிடும். வளைவுக்கு வளைவு தலை ஒரு பக்கம் சாய்ந்து, அடுத்த வளைவில் மறுபக்கம் சாயும். அன்றைக்குக் கண்ணைத் திறந்தபோது ஜன்னலுக்கு வெளியே எதுவும் இல்லை. மரம், பள்ளம், எதிரே வரும் வண்டி ஒன்றும் தெரியாமல் ஒரே வெளுப்பு. மணல் காற்று கிளம்பிவிட்டது, முகத்தை மூடிக்கொள்ள வேண்டும் என்று கைக்குட்டையைத் தேடினேன். பிறகு கண்ணாடியைத் தொட்டால் விரல் நனைந்தது. எந்த ஊரில் இருக்கிறேன் என்று ஞாபகம் வரச் சற்று நேரம் ஆனது. மலையில் இருந்த நாட்கள் முழுக்க அந்த அரைத்தூக்கம் எனக்குத் தெளியவே இல்லையோ என்று இப்போது தோன்றுகிறது. எல்லாம் நடந்ததுதான், சந்தேகம் இல்லை. ஆனால் எதை நினைத்தாலும் அதன்மேல் கொஞ்சம் ஈரம் படிந்திருக்கிறது.

ஜமுனாமரத்தூரில் இறங்கி ஒரு ஆட்டோவில் போனேன். பலா மரங்களுக்கு நடுவே தகரக் கூரை போட்ட ஒரு நீளக் கொட்டகை. அதை ஒட்டியே குடியிருக்கும் அறை. போன் செய்த பெண் புடவைக்கு மேல் ஆண்கள் ஸ்வெட்டரைப் போட்டு, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு நின்றாள். முப்பது வயதிருக்கும். பேசியதுமே தெரிந்துவிட்டது, எங்கள் பக்கம்தான், மலையடிவாரத்து ஊர். மேலே குளிர் இருப்பதால் ஏசிக்கு வேலை குறைவு, கரண்ட் மிச்சம் என்று யாரோ சொன்னதை நம்பி, இவளும் புருஷனும் கொட்டகையைக் குத்தகைக்கு எடுத்து பட்டன் காளான் போட்டிருந்தார்கள். அந்தக் குளிரே இப்போது கழுத்தைப் பிடித்திருந்தது.

காளான் அறைக்குள் போவதற்கு முன் கால் கழுவச் சொன்னாள். உள்ளே அவள் குரல் தானாகவே தாழ்ந்துவிட்டது. தொட்டில் குழந்தை தூங்கும் வீட்டில் பேசுவது போலப் பேசினாள். ஒரு பக்கம் அடுக்குகளில் எருப் பைகள். மறுபக்கத்து அடுக்குகள் காலி. முதல் முறை என்பதால் பயந்து பாதி அறைக்குத்தான் பை வைத்திருந்தார்கள். டார்ச்சை அடித்துக் காட்டினாள். பைகளின் கறுத்த மண்மேல் நொய்யரிசி சிந்தினாற்போல் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள் கிளம்பியிருந்தன.

"ஒவ்வொண்ணும் ஒரு காளான்ணா. எரு சும்மா இருக்காது, மூச்சு வுட்டுகினே இருக்கும். அந்த சூட்ட எடுத்துகினே இருக்கணும். ஏறிச்சினா எல்லாம் கருகிப்பூடும்."

மேலே பார்த்தேன். திருப்பத்தூரில் மூடிப்போன ஒரு துணிக்கடையிலிருந்து வாங்கி வந்த பழைய ஏசி. ஒரு மாடி நிறைய தீபாவளிக் கூட்டத்தைக் குளிர வைத்த பெரிய மிஷின் அது. இங்கே பாதி காலியான அறையில் நாலு அடுக்கு எருவுக்குக் காவல். அதன் உள்காயில், அதாவது காற்றைக் குளிர வைக்கிற குழாய்ச் சுருள், முழுக்கப் பனிக்கட்டி மூடி, நுனியிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்துகொண்டிருந்தது.

வெளியே வந்ததும் அவள் கதவைச் சாத்திவிட்டு, ஒரு பார்வை பின்பக்கம் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"இந்த வாட்டி காளான் வரலனா அவரு மறுபடியும் மஸ்கட் போய்டுவாருண்ணா. பொங்கலு முடிஞ்சதும் அனுப்பிடறேன்னு ஏஜென்ட் போன் மேல போன் போட்டுகினு இருக்கான். கண்ணாலம் ஆன நாள்ல இருந்து அவரு என்கூட இருந்தது கொஞ்சம்தான். போன வாட்டி போனப்ப, அவங்கப்பா தவறிட்டாரு, அதுக்குகூட வர முடியல. எப்டினா இத ஓட வெச்சிக் குடுங்க. எனக்கு அவரு இங்க இருக்கணும்."

"பாப்போம்மா" என்று முனகினேன். அவள் கெஞ்சவில்லை, அழவில்லை. கதவின் நீள அகலத்தைச் சொல்வது போலச் சொன்னாள்.

கொட்டகையின் பின்பக்கம் போனேன். மேலே ஒன்று கீழே ஒன்றாக இரண்டு ஃபேன் வைத்த பெரிய அவுட்டோர் யூனிட். அதன் முன்னால், கவிழ்த்துப் போட்ட பழக்கூடைமேல், கம்பளியைப் போர்த்திக்கொண்டு முதுகைக் காட்டி ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவர்தான் புருஷன். என்னைப் பார்த்து அவசரமாக எழுந்து, கூடையை எனக்கு நகர்த்திப் போட்டார். மலையில் பனி இறங்க ஆரம்பித்ததிலிருந்து இப்படி உட்காருவது அங்கே பழக்கமாகிவிட்டது. ஏசி வெளியே தள்ளுகிற காற்று வெதுவெதுப்பாக இருக்கும். விடியும்போது அக்கம்பக்கத்து வீட்டார் வந்துவிடுவார்கள். விறகு மிச்சம், கண்ணில் புகை இல்லை. கம்பளியும் கோணியுமாக நெருக்கி உட்கார்ந்து முதுகு காய்ந்து, டீ குடித்துவிட்டு வேலைக்குப் போவார்கள். யூனிட்டை ஒட்டி ஒரு கோழியும் குஞ்சுகளோடு குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது.

"ஒண்ணு சொல்றேன், சிரிக்காதீங்க" என்றாள் அந்தப் பெண். "ஆளு ஒக்காந்துகினு இருந்தா இது நல்லா ஓடுதுங்க. எல்லாம் எந்திரிச்சிப் போனா நின்னுடுது."

சிரிக்காமல் இருக்க முடியவில்லை. "மிஷினுக்குத் தனியா இருக்க பயமா இருக்குதாம்மா? விபூதி வெச்சி விடவா?"

"நான் தெனம் பாக்கறேன்ணா."

நான் கேஜை மாட்டினேன். கேஸின் அழுத்தத்தைக் காட்டுகிற, இரண்டு முகம் உள்ள மீட்டர் அது. எனக்கு முன்பே கீழேயிருந்து ஒரு மெக்கானிக் வந்து போயிருக்கிறார். ஒரு முறை அல்ல, இரண்டு முறை. இரண்டு முறையும் கேஸ் கம்மி என்று சொல்லி கேஸ் ஏற்றிவிட்டுப் போயிருக்கிறார். எங்கள் ஜில்லாவில் ஏசிக்கு என்ன வியாதி வந்தாலும் ஒரே மருந்துதான். குளிரவில்லையா, கேஸ். சத்தம் போடுகிறதா, கேஸ். தண்ணீர் ஒழுகுகிறதா, அதற்கும் கேஸ். கோடையில் பெரும்பாலும் அது பலித்துவிடும், ஆளும் நல்ல பெயர் வாங்கிக்கொண்டு போய்விடுவார். குளிர்காலத்தில் மீட்டர் ஊசி படுத்துக் கிடந்தால் அது கேஸ் குறைவா, குளிர் அதிகமா என்று யாரும் யோசிப்பதில்லை. யோசிக்க வேண்டிய அவசியம் எங்கள் ஊரில் வந்ததே இல்லை. அவர் ஏற்றிய கேஸ் இப்போது நடுப்பகல் வெயிலில் அழுத்தம் மிஞ்சி மிஷினை நிறுத்திக்கொண்டிருந்தது. விடியலில் ஒரு வியாதி, மதியத்தில் வேறொரு வியாதி. ஆக மொத்தம் அந்த மிஷின் ஓடுவது முன்காலையிலும் சாயங்காலத்திலும்தான்.

இருந்தாலும் விடியல் வியாதியை நேரில் பார்க்காமல் கை வைக்க எனக்கு மனமில்லை. அன்றைக்கு அங்கேயே தங்கிவிட்டேன்.

மறுநாள் விடிகிற நேரத்தில் நான் பார்த்ததைப் பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். பாதிப் பேர் நம்புவதில்லை. குல்லாவை இழுத்துவிட்டுக்கொண்டு கேஜுக்கு எதிரே குத்தவைத்து உட்கார்ந்திருந்தேன். பனி கையெட்டும் தூரத்துக்கு வந்துவிட்டது. பலா மரம் இருந்த இடத்தில் கறுப்பாக ஏதோ நின்றது. மிஷின் ஓடிக்கொண்டிருந்தது, ஆனால் ஊசி கீழே, ரொம்பக் கீழே கிடந்தது. முதலில் புருஷன் வந்து கூடைமேல் உட்கார்ந்தார். பிறகு பனிக்குள்ளிருந்து ஒரு கம்பளி வந்தது. இன்னொரு கம்பளி. கோணியைத் தலையில் கவிழ்த்த ஒரு அம்மா. வந்து முதுகைக் கொடுத்து நெருங்கி உட்கார்ந்தார்கள். ஒருவர் உட்கார்ந்ததும் ஊசி இம்மி நகர்ந்தது. அடுத்தவர் உட்கார்ந்ததும் இன்னும் கொஞ்சம். வரிசை நிறைந்து கம்பளிகள் ஃபேனின் வாயை ஏறக்குறைய அடைத்தபோது ஊசி நிற்க வேண்டிய இடத்தில் வந்து நின்றது. எனக்கு மூச்சு விடவே பயமாக இருந்தது.

டீ வந்தது. குடித்தார்கள். ஒருவர் எழுந்தார், ஊசி இறங்கியது. இன்னொருவர் எழுந்தார். அந்த அம்மா கோணியை உதறிக்கொண்டு போனாள். கடைசியில் புருஷனும் தண்ணீர் மோட்டாரைப் போட எழுந்து போனபோது ஊசி பழையபடி படுத்துவிட்டது. சற்று நேரத்தில் உள்ளே போய்ப் பார்த்தேன். காயில்மேல் வெள்ளை பூக்க ஆரம்பித்திருந்தது. அதற்கப்புறம் ஒரு டக். மிஷின் நின்றது.

நான் தனியாக நின்று சிரித்தேன். அப்படிச் சிரித்து வெகு நாளாகிவிட்டது. சந்தோஷமாகவும் இருந்தது, ஏதோ பார்க்கக்கூடாத ஒன்றைப் பார்த்துவிட்டது போலவும் இருந்தது.

விஷயம் எளிதுதான். ஏசி என்பது உள்ளே இருக்கிற சூட்டை வாங்கி வெளியே கொண்டுபோய்க் கொட்டுகிற மிஷின். கொட்டுகிற இடத்தில் கொஞ்சமாவது சூடு நின்றால்தான் குழாய்க்குள் கேஸை உந்தித் தள்ள அழுத்தம் இருக்கும். வெளிக்காற்று ஒரேயடியாகக் குளிர்ந்துபோனால் அழுத்தம் படுத்துவிடும். உள்காயிலுக்குப் போக வேண்டிய அளவு போகாது. போகிற கொஞ்சமோ அளவு மீறிக் குளிர்ந்து, காயில்மேல் படிகிற ஈரத்தைப் பனிக்கட்டியாக்கிவிடும். பனிக்கட்டி மூடினால் காற்று நுழையாது, அறை சூடேறும். குளிர் அதிகமானதால் அறை சூடாகிறது என்று என் கடைக்கு வருகிறவர்களிடம் சொன்னால் என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள். போதாததற்கு மிஷின் பெரிது, வேலை சிறிது. இழுத்துப் போட்டுச் செய்ய வேலை இருந்தால் இவ்வளவு சீக்கிரம் உறைந்திருக்காது. மலைக்காரர்களின் கம்பளி செய்ததெல்லாம், ஃபேன் தள்ளுகிற காற்றைக் கொஞ்சம் தடுத்து, மிஷினின் சூடு மிஷினுக்கே கொஞ்சம் மிஞ்சும்படி பார்த்துக்கொண்டதுதான்.

அந்தப் பெண்ணிடம் இதைச் சொன்னேன். "அப்ப நான் சொன்னது நெசம்தான?" என்றாள்.

"நெசம்தான்மா. விபூதி வாபஸ்."

இதற்கு ஒரு ஸ்விட்ச் இருக்கிறது. அழுத்தம் இறங்கினால் மேல் ஃபேனை நிறுத்தும், ஏறினால் ஓட்டும். கீழ் ஃபேனின் வேகத்தைக் கூட்டிக் குறைக்க இன்னொரு சின்னப் பெட்டி. திருப்பத்தூரில் தெரிந்த கடைக்குப் போன் போட்டேன். வரவழைத்து மறுநாள் பஸ்ஸில் கொடுத்தனுப்புவதாகச் சொன்னார்கள். அதுவரைக்கும் புள்ளிகளைக் காப்பாற்ற வேண்டும். புருஷனைக் கூப்பிட்டு, கேஜில் ஊசி நிற்க வேண்டிய இடத்தைக் காட்டினேன்.

"இங்க நிக்கணும். எறங்குச்சினா நெருங்கி ஒக்காரு. ஏறுச்சினா தள்ளி ஒக்காரு. வெயிலு வந்தா எந்திரிச்சிடு. ஜாஸ்தியா இருக்கிற கேஸ நான் எறக்கிடறேன்."

"நானாண்ணா?"

"வேற யாரு, கோழியா?"

அவர் முகம் மலர்ந்துவிட்டது. ரொம்பப் பேசாத ஆள் அன்றைக்கு முழுக்க என்னோடு பேசிக்கொண்டிருந்தார். கம்பளியோடு ஒரு சாண் முன்னால், ஒரு சாண் பின்னால் என்று கூடையை நகர்த்தி நகர்த்தி ஊசியைப் பிடித்து வைத்திருந்தார். மஸ்கட்டில் தண்ணீர் லாரி ஓட்டினாராம். கண்ணுக்கெட்டும் வரை ரோடு, ரோட்டின் கடைசியில் எப்போதும் தண்ணீர் நிற்பது போலத் தெரியும் என்றார். எனக்கும் அந்த ரோடு தெரியும்.

"இங்க வந்ததுல இருந்து எல்லாம் அவதாண்ணா" என்றார் ஒரு சமயம். "பை எப்ப வெக்கணும், தண்ணி எவ்ளோ அடிக்கணும், யாருக்கு சரக்கு குடுக்கணும், எல்லாம் அவளுக்கு அத்துப்படி. நான் தூக்குன்னா தூக்குவேன், எறக்குன்னா எறக்குவேன். இன்னிக்குதான் எனக்குன்னு ஒரு வேல."

சொல்லிவிட்டு அவரே சிரித்துக்கொண்டார். நான் மிஞ்சிய கேஸை காலி சிலிண்டருக்குள் இறக்கிக்கொண்டிருந்தேன். அந்தப் பேச்சை நான் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஊசி நிற்க வேண்டிய இடத்தில் நின்றது, அதுதான் எனக்குப் போதும்.

ஸ்விட்ச் வந்தது, மாட்டினேன். கம்ப்ரஸரின் வயிற்றைச் சுற்றி ஒரு சூட்டுப் பட்டியும் கட்டினேன். குளிரில் மிஷின் நின்று கிடக்கும்போது கேஸ் போய் ஆயிலில் ஊறாமல் இருப்பதற்கு. அடுத்த விடியலில் யாரையும் உட்கார விடாமல் தள்ளி நிறுத்திவிட்டுப் பார்த்தோம். அழுத்தம் இறங்கியது, மேல் ஃபேன் தானாக நின்றது, கீழ் ஃபேன் சோம்பேறித்தனமாகச் சுற்றியது. ஊசி ஏறி வந்து அதன் இடத்தில் நின்றது. பனிக்குள் கம்பளிக்காரர்கள் ஒதுங்கி நின்று அந்த ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு அந்த வெதுவெதுப்பான காற்றும் குறைந்துபோனது. ஒரு பெரியவர் மட்டும், "முன்ன நல்லா அடிக்கும்" என்று சொல்லிவிட்டுத் தன் வீட்டைப் பார்த்து நடந்தார். எனக்குக் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது.

கிளம்பும்போது அவளிடம், "அடுத்த தபா ரூம நெறப்பிடும்மா. பயப்படாத. பெரிய மிஷினுக்கு வேல குடுக்கணும், இல்லனா அதுக்கு வியாதி வந்துகினே இருக்கும்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பொங்கலுக்கு முன்னால் ஒரு முறை போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். போனேன். அன்றைக்கும் பனிதான், ஆனால் வெயில் அதற்குள் புகுந்து எல்லாம் பால் வெளுப்பாக இருந்தது. கொட்டகை வாசலில் கூடை கூடையாகக் காளான். உள்ளே பைகளின்மேல் மண்ணே தெரியவில்லை. நான் ஒன்றைக் கையில் எடுத்தேன். எடை இல்லாமல், ஈரமாக, உருண்டையாக இருந்தது. நான் ரிப்பேர் செய்த ஏசியிலிருந்து இதுவரை காற்றுதான் வந்திருக்கிறது. கையில் பிடித்துப் பார்க்கிற மாதிரி ஒன்று வந்தது அதுதான் முதல் தடவை. அவள் சிரித்துக்கொண்டே இருந்தாள். பறிக்கும்போதும் சிரிப்பு, எனக்கு டீ ஊற்றும்போதும் சிரிப்பு. பார்த்துக்கொண்டிருந்த எனக்குக் கண் கலங்கியது. மனிதர் தங்கிவிடுவார், நம் ஸ்விட்ச் ஒரு குடும்பத்தைச் சேர்த்து வைத்துவிட்டது என்று எனக்குள் நானே முதுகில் தட்டிக்கொண்டேன்.

அழுத்தம் பார்க்க நான் கேஜை மாட்டி வைத்திருந்தேன். அவுட்டோர் யூனிட்டுக்குப் பக்கத்தில் வெயிலில் நின்று நாங்கள் மூன்று பேரும் டீ குடித்தோம். புருஷன் டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அண்ணா, ஒங்களுக்கு ரொம்ப தேங்ஸ்ணா. மிஷின இப்டி வுட்டுட்டு எப்டி போறதுன்னு மனசு அடிச்சிகினே இருந்துச்சி. இப்ப தானா ஓடுது. அவளே எல்லாம் பாத்துக்குவா. பொங்கலு முடிஞ்சி நான் கெளம்பிடறேன். ஏஜென்டுக்கு நேத்துதான் சொன்னேன்."

அவள் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. அவளுக்கும் அப்போதுதான் தெரிகிறது. டம்ளரைக் கீழே வைக்கவும் இல்லை, குடிக்கவும் இல்லை.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. மற்றவர் குடும்பத்துக்குள் மூக்கை நுழைக்கக்கூடாது என்று தெரியும். என் வாய் எப்போது நான் சொன்னதைக் கேட்டிருக்கிறது?

"இன்னாப்பா பேசற? காளான் வந்துடுச்சி, இனிமே எதுக்கு போற?"

"இங்க எனக்கு இன்னாண்ணா வேல?" என்றார். கோபமாக இல்லை, நிஜமாகவே கேட்டார். "சும்மா கூடைமேல ஒக்காந்துகினு இருந்தேன். இப்ப அதுவும் தேவயில்ல. அங்க போனா நாலு காசாவது அனுப்புவேன். வூட்டுக்கு ஒதவியா இருப்பேன்."

"நான் சொல்றேன் கேளு. நான் அங்க போயி வருஷக்கணக்கா அனுப்புனேன். என் வூட்ல ஒரு கொறையும் இல்ல. புள்ளங்க படிச்சாங்க. வூடு கட்டுனா என் பொண்டாட்டி, தனியா நின்னு கட்டுனா. நான் திரும்பி வந்த அன்னிக்கு ஹால்ல லைட்டு போடலாம்னு ஸ்விட்ச அமுக்கறேன், எங்கியோ ஃபேன் சுத்துது. இன்னொண்ணு அமுக்கறேன், வாசல்ல லைட்டு எரியுது. கரண்டு வேல செய்யறவன்யா நான். என் வூட்ல எந்த ஸ்விட்சு எதுக்குன்னு எனக்குத் தெரியல. என் பொண்டாட்டி வந்து, தள்ளுங்கன்னு சொல்லி, பாக்காமலே போட்டுட்டு போறா. என் வூடு நான் இல்லாமலே நல்லா ஓடிச்சிப்பா. இன்னிக்கும் ஓடுது. விருந்தாளி மாதிரி குந்திகினு இருக்கறேன்."

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லி முடித்ததும் வெட்கமாகப் போய்விட்டது. அவர் தலையைக் குனிந்துகொண்டு காலால் மண்ணைக் கிளறினார்.

அவள்தான் பேசினாள். குரல் உயரவில்லை. காளான் அறைக்குள் பேசுகிற அதே தணிந்த குரல்.

"மிஷினுக்கு ஆளு தேவயில்லனு அண்ணன் சொல்லிட்டாரு. எனக்குத் தேவயில்லனு யாருங்க சொன்னது?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். என்னை இருவரும் மறந்துவிட்டார்கள். மறந்ததே நல்லது என்று நான் கேஜைக் கழற்றுகிற சாக்கில் யூனிட்டுக்குப் பின்னால் போய்விட்டேன். அங்கே நின்றுகொண்டு யோசித்தேன். இப்படி ஒரு கேள்வியை என் மனைவி என்னிடம் கேட்டதில்லை. கேட்கிற இடத்தில் நான் நின்றதில்லை. போனில் கேட்கக்கூடிய கேள்வியா அது? நான் எப்போதும் போனில்தானே இருந்தேன்.

திரும்பி வந்தபோது அவள் இல்லை. காளானுக்குத் தண்ணீர் தெளிக்கப் போய்விட்டாள். அவர் கீழே இருந்த டம்ளர்களைப் பொறுக்கிக் கையில் வைத்துக்கொண்டு, என்ன செய்வது என்று தெரியாதவர் போல நின்றார். பிறகு அவற்றைக் கழுவி வைத்துவிட்டு வந்து, என் டூல்ஸ் பையைத் தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டார். பஸ் நிற்கிற இடம் வரைக்கும் வந்தார். வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை, எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். பனி விலகி எதிர் மலை தெரிந்தது, மறுபடியும் மூடியது. அப்படியே நடந்துகொண்டிருந்தால்கூட நன்றாகத்தான் இருக்கும் போலிருந்தது.

பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்தேன். ஜன்னல் வழியாகப் பையைக் கொடுத்தார். கொடுத்த பிறகும் பையின் வாரை விடவில்லை.

"அண்ணா."

"சொல்லுப்பா."

"சித்திரையில வெயிலு ஏறுமில்ல. அப்ப அந்த மேல் ஃபேனு தானா ஓடுமா? இல்ல, நான் எதனா பாக்கணுமா?"

டிரைவர் கியரைப் போட்டுவிட்டார். அந்த ஸ்விட்ச் நல்ல கம்பெனி சரக்கு. வெயில் ஏறினால் ஃபேன் தானாக ஓடும், இறங்கினால் தானாக நிற்கும். பக்கத்தில் ஒரு ஆள் இருக்கிறாரா இல்லையா என்றுகூட அதற்குத் தெரியாது.

"பாக்கணும்ப்பா" என்றேன். "தெனம் பாக்கணும்."